மறம்: புகழும் பழியும் தாங்கிய சொல்

‘மறம்’ என்றால் என்ன பொருள் என்று மாணவரைக் கேட்டால் அறத்திற்கு மாறானது, பாவம் என்றே பெரும்பாலும் விடை வரும். விடை பிழையன்று, ஆனால் பாதி விடை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இச்சொல்லுக்கு வீரம், சினம், பகை, வலிமை, போர், கொலை, பாவம் எனப் பல பொருள்களைத் தருகிறது.

பழந்தமிழ்ப் புறப்பாடல்களில் மறம் பெரும்பாலும் புகழ்ச்சொல்லே. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்றுப் பாடலில் (279) ஒரு பெண், முந்தைய நாள் போரில் கணவனை இழந்தவள், மறுநாள் போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகன் கையில் வேலைக் கொடுத்துக் களத்திற்கு அனுப்புகிறாள். இதன் துறை மூதின்முல்லை. ஆடவரிடம் மட்டுமன்றி அக்குடி மகளிரிடமும் மறம் மிகுந்திருத்தலே இத்துறை எனப் புறப்பொருள் வெண்பாமாலை விளக்குகிறது. ஈண்டு மறம் என்பதற்குப் பாவம் எனப் பொருள் கொள்ள எவர் துணிவார்?

வள்ளுவரும் படைமாட்சி அதிகாரத்தில் படைக்குக் காவலாகும் பண்புகள் நான்கனுள் மறத்தையே முதலில் வைக்கிறார். ஆயின் அன்புடைமை அதிகாரத்தில், அன்பு அறத்திற்கு மட்டுமன்றி மறத்திற்கும் துணை என்று அவரே கூறுமிடத்து உரையாசிரியர்க்குச் சிக்கல் எழுந்தது. பரிமேலழகர் மறத்தைப் பகைமையாகக் கொண்டு, அதனை நீக்குதற்கு அன்பு துணையாம் என்று உரைத்தார். ‘நீக்குதற்கு’ என்னும் சொல் குறளில் இல்லை; வருவித்துக் கொண்டது. வீரத்திற்கும் அன்பே பற்றுக்கோடு என நேரே பொருள் கொள்வாரும் உளர். குஞ்சைக் காக்கப் பருந்தை எதிர்க்கும் கோழியைக் கண்டவர்க்கு இதில் ஐயம் எழாது. இப்பொருளே எனக்கு உடன்பாடு.

கலம்பக நூல்களில் ‘மறம்’ ஓர் உறுப்பு. மறவர் குலப் பெண்ணை மணம் பேச வந்த அரசன் தூதனை அக்குடியினர் எள்ளி விரட்டுவதாக அது அமையும். வகுப்பறையில் மாணவர் மிகவும் சுவைக்கும் பகுதி இது. ஆயினும் இங்கு ஒரு மாற்றம் நிகழ்ந்துவிட்டது. சங்கப் பாடல்களில் போர்வீரனாகிய எவனையும் சுட்டிய ‘மறவன்’, இங்கே பிறந்த குடியின் பெயர்.

ஆங்கில ஆட்சி இக்குடிப்பெயரைத் தன் பதிவேட்டில் ஏற்றியது. வடபுலத்தில் 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. மறவருள் சில பிரிவினரும் அதற்கு உட்படுத்தப்பட்டனர். குற்றம் செய்யாதவரும் கைரேகை பதிக்க வேண்டியவராயினர். மக்கள் வழக்கில் அது ‘ரேகைச் சட்டம்’ ஆயிற்று. பஞ்சாபியரையும் கூர்க்கர்களையும் பிறவிப் போர்வீரர் எனப் பாராட்டிப் படையில் சேர்த்ததும் அதே அரசுதான்! சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதற்கு உட்பட்டிருந்த வகுப்பினரை இன்றைய அரசு ஆவணங்கள் ‘சீர்மரபினர்’ என்று குறிக்கின்றன.