ஊசி எழுதும் எழுத்து

கணினி போடும் கணக்கைக் காகிதத்தில் எழுதித் தர ஒரு யந்திரம் வேண்டும் அல்லவா? 1959-ஆம் வருஷம் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனியார் 1403 என்னும் அச்சு யந்திரத்தை வெளியிட்டனர். அதில் உலோக எழுத்துக்கள் கோத்த சங்கிலி ஒன்று ஓயாமல் சுழலும். வேண்டிய எழுத்து எதிரே வந்த கணத்தில் ஒரு சிறு சுத்தியல் காகிதத்தைப் பின்னாலிருந்து தட்டும். காகிதம் மைநாடாவில் மோதி எழுத்துப் பதியும். வரிக்கு 132 சுத்தியல்கள். நிமிஷத்துக்கு 600 வரிகள்! ஆனால் சங்கிலியில் இருந்தவையோ 48 விதமான எழுத்துக்களும் குறிகளுமே. தமிழின் 247 எழுத்துக்களுக்கு அது எப்படிப் போதும்?

1980-இல் ஜப்பானிய எப்ஸன் கம்பெனியாரின் எம்.எக்ஸ்.-80 வந்தது. அதில் வார்த்த எழுத்தே கிடையாது. ஒன்றன்கீழ் ஒன்றாக 9 ஊசிகள்தாம் உண்டு. மின்காந்த விசையால் ஊசி நாடாவைக் குத்த, காகிதத்தில் ஒரு புள்ளி விழும். ஊசிகள் தாங்கிய தலை பக்கவாட்டில் நகர நகரப் புள்ளிகள் கூடி எழுத்தாகும்.

இவ்வகை யந்திரங்களில் எழுத்தின் வடிவம் உலோகத்தில் இல்லை. கணினி இடும் கட்டளையில் இருக்கிறது. ஆகவே தமிழின் கொம்பும் சுழியும் சிக்கலாயின், ஒரே வரியை இரண்டு மூன்று தடவையாக அடித்து முடிக்கலாம். புதிதாக எழுத்து வார்க்க வேண்டியதில்லை. புள்ளி வைக்கும் இடத்தைக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்.