ஒரே பாம்பு, ஊருக்கொரு விஷம்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகிற வழியில், தொழிற்சாலைச் சுவர்களைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம் வயலும் ஏரிக்கரையும் புதர்க்காடும் மிச்சமிருக்கின்றன. வரப்பில் எலி வளை தோண்டும். எலியைத் தேடி நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும். பாம்பைத் தேடி இருளர் பழங்குடியைச் சேர்ந்தவர் வருவார்.

வளையின் வாயில் மண் வழவழப்பாக இருக்கிறதா, உரித்த சட்டை கிடக்கிறதா, எச்சம் புதிதா பழையதா என்று பார்த்தே உள்ளே இருப்பது எதுவென்று சொல்லிவிடுவார். கையில் ஒரு கடப்பாரை, ஒரு துணிப்பை. வேறு கருவி கிடையாது.

முன்பு தோலுக்காகப் பிடித்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976-ல் தோல் ஏற்றுமதித் தடையும் வந்ததும் பிழைப்பு போயிற்று. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் பாம்புகளை மண்பானைகளில் வைத்து, சில வாரங்களில் சில முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைத் துளித்துளியாகக் குதிரைக்குச் செலுத்தினால் அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகும். அதுதான் விஷமுறிவு மருந்து. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பலியானதாக ஒரு மதிப்பீடு. மருந்தின் அருமை அதில் தெரியும். 2023-ல் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது; தாமதம்தான்.

இந்த மருந்துக்கும் பல்லுயிர்ப் பெருக்கத்துக்கும் தொடர்பு உண்டு. பல்லுயிர்ப் பெருக்கம் என்றால் எத்தனை வகை மரம், எத்தனை வகைப் பறவை என்று எண்ணுவதோடு நிறுத்திவிடுகிறோம். ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடும் அதில் சேர்த்திதான். இரையும் நிலமும் வம்சமும் மாற மாற, ஒரே நல்ல பாம்பின் விஷக் கலவையும் மாறுகிறது. இங்கே எடுத்த விஷத்தில் செய்த மருந்து வட இந்தியப் பாம்புகள் சிலவற்றின் கடிக்குச் சரியாக வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆக, நல்ல பாம்பு நாடெங்கும் இருக்கிறதே என்று சும்மா இருக்க முடியாது. ஒரு வட்டாரத்துப் பாம்பு அழிந்தால், அதன் விஷத்துக்கு வேறு ஊர்ப் பாம்பு ஈடாகாது.

அதனால், ஆலை வளாகத்தில் பாம்பைக் கண்டால் கம்பைத் தேடாதீர்கள். தீயணைப்புத் துறையை 101-ல் அழையுங்கள். கடித்துவிட்டால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், நேரே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.