பொன்வண்டும் அக்கசாலையும்

தாமிரபரணி கடலை நாடிச் செல்லும் வழியில், கொற்கையை ஒட்டி அக்கசாலை என்றோர் ஊர்ப்பெயர் வழங்குகிறது. நாணயம் அடிக்கும் இடத்துக்குத் தமிழர் இட்ட பெயரே அது. 'பெருவழுதி' என்று பாண்டிய மன்னன் பெயர் பொறித்த சதுரச் செப்புக்காசிலே ஒருபுறம் குதிரையும் மறுபுறம் மீனும் காண்கிறோம். பூச்சியைப் பொறித்த பாண்டியர் காசு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் சிற்றாசியக் கரையிலிருந்த எபேசு என்னும் கிரேக்க நகரம், தன் காவல் தெய்வமாகிய ஆர்ட்டெமிஸ் தேவிக்கு உகந்த தேனீயை, கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளி நாணயத்தின் முகப்பில் சிறகு விரித்த கோலத்தில் அமர்த்திவிட்டது. வர்ணம் இல்லை, வெள்ளியின் ஒளியும் நிழலுமே அதற்கு அலங்காரம்.

வர்ணம் நம் காலத்தில் வந்தது. சேகரிப்போருக்கென்றே கனடா நாட்டு அக்கசாலை 2011-இல் வெளியிட்ட 20 டாலர் வெள்ளி நாணயத்தில், துலிப் மலர்மீது வெனிஸ் நகரத்துக் கண்ணாடியால் செய்த செவ்வண்டு ஒன்று நிஜமாகவே புடைத்து அமர்ந்திருக்கிறது. வேறு பல வர்ண நாணயங்களில், பள்ளம் வெட்டிய தகட்டிலுள்ள மையை மெத்தென்ற சிலிக்கோன் திண்டு ஒற்றியெடுத்து, நாணயத்தின் மேடுபள்ளங்களுக்கு இசைய அழுந்திப் பதிக்கிறது. நிறத்துக்கு ஒரு முறையாக இக்கிரியை திரும்பத் திரும்ப நடைபெறும்.

இவற்றினும் என் மனத்தைக் கவர்ந்தது, 2004-இல் அதே அக்கசாலை வெளியிட்ட 50 சென்ட் பட்டாம்பூச்சி நாணயமே. அதன் சிறகில் மையே கிடையாது. தலைமயிரின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராத நுண்கோடுகளை உலோகத்தில் அழுத்திவிட்டால், வெண்மையான ஒளி அவற்றில் பட்டுச் சிதறி, பார்க்கும் கோணத்துக்கேற்ப ஒவ்வொரு நிறமாகப் பிரிந்து வருகிறது.

இந்த வித்தைக்கு நெருங்கிய உறவுடைய ஒன்றை எங்கள் திருநெல்வேலிப் பிள்ளைகள் தீப்பெட்டியில் அடைத்து, கருவேல இலை ஊட்டி வளர்த்ததுண்டு. பச்சைப் பொன்வண்டின் சிறகோட்டை நேரே நோக்கினால் மரகதப் பச்சை. சற்றே சாய்த்தால் நீலம் ஓடும். அதுவும் சாயமன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய படலங்களிலிருந்து திரும்பும் ஒளியலைகள், பச்சை நிறத்துக்கு மட்டும் ஒன்றையொன்று வலுவூட்டிக்கொள்வதால் விளைவது அது. நாணயத்தில் கோடு செய்யும் வேலையை வண்டில் படலம் செய்கிறது. சாயமாயின் வெயிலில் வெளிறும், அமைப்பு வெளிறுவதில்லை. அதனாலன்றோ 1903-இல் தில்லி தர்பாருக்கு அன்றைய வைஸ்ராயின் மனைவி கர்சன் சீமாட்டி அணிந்த உடையில் தைத்த வண்டுச் சிறகுகள் இன்றளவும் பச்சை மாறாமல் மின்னுகின்றன!

பள்ளிப் பருவத்தில் இறந்துபோன என் பொன்வண்டின் சிறகோடு ஒன்று, பழைய பூகோளப் புத்தகத்தின் நடுவே இன்னும் இருக்கிறது. தாள் பழுத்துவிட்டது; ஓடு அன்று கண்ட அதே பச்சையாகவே இருக்கிறது.