டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டு

நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு டிராக்டர் புதிதல்ல. கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் தொழி அடிக்கும் நாட்களில் வரப்பில் நின்று பார்த்தவர்கள்தாம் நம் வகுப்பில் பாதிப்பேர். ஆனால் டிராக்டர் இழுக்கும் வண்டி மட்டுமல்ல, பிற கருவிகளுக்கு ஆற்றல் கொடுக்கும் நிலையமும் கூட என்பதை அவர்கள் யோசித்ததில்லை. ரோட்டவேட்டரின் கத்திகள், கதிரடிக்கும் இயந்திரத்தின் உருளை, வைக்கோல் கட்டும் இயந்திரம் எல்லாவற்றையும் சுழற்றுவது டிராக்டரின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டைத் தண்டுதான். பட்டறைக்காரர்கள் அதை பி.டி.ஓ. என்பார்கள். நான் பத்தாம் வகுப்பில் இயக்க விதிகள் பாடம் நடத்தும்போது, பற்சக்கரத்துக்கும் திருப்புத்திறனுக்கும் இதையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

தண்டின் விட்டம் சுமார் 35 மி.மீ. சுற்றிலும் ஆறு வரிப்பற்கள். வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. 1920களில் அமெரிக்க வேளாண் பொறியாளர்கள் வகுத்த அளவு இது. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் டிராக்டரில் வேறொரு நிறுவனத்தின் கருவியைப் பூட்ட முடிகிறது. பெரிய டிராக்டர்களுக்கு 1000 சுற்று என்ற அளவு பின்னால் வந்தது.

இனி கணக்கு. எஞ்சின் 1800 சுற்று ஓடும்போது தண்டு 540 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 10:3. வேகம் குறைந்த அளவுக்குத் திருப்புத்திறன் கூடும். 30 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 22,400 வாட். எஞ்சினில் சுமார் 119 நியூட்டன் மீட்டராக இருந்தது, உராய்வு இழப்பை விட்டுவிட்டால், தண்டில் சுமார் 396 ஆகிறது. ஒரு மீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் 40 கிலோ எடையுள்ள பையன் ஏறி நின்றால் என்ன திருப்பு கிடைக்குமோ, அது. இந்த ஒப்பீட்டைச் சொன்ன பிறகு வகுப்பில் யாரும் தூங்குவதில்லை.

ஒருமுறை ஒரு மாணவன் கேட்டான்: “சார், வரப்புப் பக்கம் ரோட்டவேட்டரைத் தூக்கித் திருப்பும்போ, கிளச்ச மிதிச்ச பெறவும் வண்டி முன்னால போவுதே, அது ஏன்?” பழைய டிராக்டர்களின் வரலாறே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் தயாரான பெர்குசன் டி.இ. 20 போன்ற வண்டிகளில் கிளச் ஒன்றுதான். எஞ்சினின் ஆற்றல் கிளச் வழியாகக் கியர் பெட்டிக்குள் போய், அங்கிருந்து ஒரு கிளை பின்சக்கரத்துக்கும் மற்றொரு கிளை பி.டி.ஓ. தண்டுக்கும் பிரியும். கிளச்சை மிதித்தால் எஞ்சினிடமிருந்து இரண்டும் துண்டிக்கப்படும். ஆனால் கியரில் இருக்கும்வரை, அவை இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தே இருக்கும்! சுழலும் கனமான கத்திகளின் நிலைமம் தண்டைத் திருப்ப, தண்டு கியர் பெட்டியைத் திருப்ப, சக்கரம் உருளும். கருவியே வண்டியைத் தள்ளுகிறது. சரிவிலும் வாய்க்கால் கரையிலும் இது ஆளைக் கொல்லும் குறை.

தீர்வு மிதிவண்டியில் இருக்கிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் தனியே ஓடுகிறதல்லவா, அந்த ஃப்ரீவீல்தான். அதே வகை ஒருவழி இணைப்பைத் தண்டுக்கும் கருவிக்கும் இடையில் போட்டுவிட்டால், டிராக்டர் கருவியைத் திருப்பலாம்; கருவி டிராக்டரைத் திருப்ப முடியாது. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி இதைக் காட்டிவிடலாம்.

இன்னொரு குறையும் உண்டு. வைக்கோல் வரிசை தடித்துக் கிடக்கும் இடத்தில் வண்டி நிற்க வேண்டும், இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒற்றைக் கிளச்சில் அது நடக்காது. இரண்டும் சேர்ந்தே நின்று, இயந்திரத்தில் வைக்கோல் அடைத்துக்கொள்ளும். அதற்காக வந்தது இரண்டடுக்குக் கிளச். பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், முழுதும் மிதித்தால் தண்டும் நிற்கும். தண்டுக்கென்று தனிக் கிளச்சே வைத்த வண்டிகள் அதற்கும் அடுத்த படி.

இப்போது, எந்த வகுப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டிய கணக்கு. 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. 35 மி.மீ. தண்டின் சுற்றளவு சுமார் 11 செ.மீ. ஆகவே தண்டு விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் துணியைச் சுருட்டும். நாலு முழ வேட்டிக்கு இரண்டு விநாடி போதும். இணைப்புக் கவையின் அகலம் 10 செ.மீ. என்றால், ஒரு விநாடி கூடத் தேவையில்லை. அலறல் கேட்டு ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 11 செ.மீ. சுற்றளவுள்ள ஒரு குழாயில் பிள்ளைகளையே ஒன்பது சுற்று நூல் சுற்றச் சொல்லி, அவிழ்த்து அளக்கச் சொல்லுங்கள். நாம் எவ்வளவு எச்சரித்தாலும் மனதில் பதியாதது, அந்த நூலை அளந்தால் பதிந்துவிடும்.

துவர்த்து, துப்பட்டா, பின்னிய சடை எதுவும் அதன் பக்கம் போகக்கூடாது. ஓடும் தண்டைத் தாண்டக்கூடாது. அடைப்பெடுக்கும் முன் எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்டு முழுதும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். தண்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறையை, ‘கிரீஸ் வைக்க இடைஞ்சல்’ என்று கழற்றி எறிவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்கள் பெருகியதால்தான் 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. சட்டம் வயல்வரை வந்து உறையை மாட்டாது. வீட்டில் போய் அப்பாவிடம் “உறை எங்கே?” என்று கேட்கும் பிள்ளை மாட்ட வைக்கும் என்று நம்புகிறேன்.

மேல்வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒன்று. தண்டையும் கருவியையும் இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் சீராகச் சுழல்வதில்லை. 30 பாகை வளைவில், முதல் தண்டு 540-இல் சீராக ஓடினாலும், அடுத்த தண்டின் வேகம் 468-க்கும் 624-க்கும் இடையே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை அழிக்கத்தான் மறுமுனையில் இரண்டாவது ஜாயின்ட். நடுத்தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். மாற்றிப் பூட்டினால் ஏற்ற இறக்கம் கூடி, தண்டு அதிர்ந்து பேரிங் உடையும். பழைய இரும்புக் கடையில் ஒரு ஜாயின்ட் வாங்கி, 30 பாகை வளைத்துப் பலகையில் பொருத்தி, இருபுறமும் பாகைமானி ஒட்டுங்கள். கவை நேராக நிற்கும் இடத்திலிருந்து ஒருபுறம் 45 பாகை திருப்பினால், மறுபுறம் சுமார் 4 பாகை முந்தியோ பிந்தியோ நிற்கும். 90-க்குத் திருப்பினால் இரண்டும் சேர்ந்துவிடும்.