பாண்டி பஜார்: நெரிசல் கடைவீதி நடைபாதை வளாகமானது எப்படி? சின்ன ஊர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

கல்யாண ஜவுளியோ, தீபாவளித் துணியோ, ‘ஒரு நடை தி.நகர் போயிட்டு வந்துடலாம்’ என்பது தமிழ்நாட்டில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு. அந்த தி.நகரின் பாண்டி பஜாரில் வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்து, நடப்பவர்களுக்கான இடத்தைக் கூட்டியது சென்னை மாநகராட்சி. ஒரு பழைய கடைவீதியை இப்படி மாற்றும்போது யாருக்கு லாபம், யாருக்குச் சிக்கல்?

புறநகராகப் பிறந்த தி.நகர்

இன்று சென்னையின் நடுவில் இருக்கும் தி.நகர், 100 ஆண்டுகளுக்கு முன்பு ஊருக்கு வெளியே இருந்த மாம்பலம். நீதிக்கட்சி ஆட்சியில், 1920-களில், இங்கிருந்த பெரிய ஏரிப் பகுதியைத் தூர்த்து புதிய குடியிருப்பு உருவாக்கப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரே ஊருக்கு வைக்கப்பட்டது. பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை என எல்லாமே அந்தக் காலத் தலைவர்களின் பெயர்கள்தான். பாண்டி பஜார் என்ற பெயரும் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் நினைவாக வந்தது.

1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் கடை என்ற வசதி வந்தது. வீடுகளுக்காகப் போட்ட தெருக்கள் மெல்ல மெல்ல கடைத்தெருக்களாக மாறின. ஆனால் தெருவின் அகலம் மாறவில்லை. பிரச்சினை தொடங்கியது அங்கேதான்.

2019-ல் என்ன செய்தார்கள்?

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அமைக்கப்பட்டது. 2019 நவம்பர் 13-ம் தேதி அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார்.

சாலையில் வண்டி ஓடும் பகுதி சுருக்கப்பட்டது. இரண்டு பக்கமும் நடைபாதை அகலமானது. உட்கார இருக்கைகள், விளக்குகள், குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாதனங்கள் வந்தன. பணிகளுக்கு முன்பே தடுப்புகள் வைத்து சோதனை முயற்சியும் நடந்தது.

அடுத்த கட்டமாக, 2023 மே 16-ல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். நீளம் சுமார் 570 மீட்டர். ரங்கநாதன் தெரு கூட்டத்துக்குள் சிக்காமல், ரயிலில் இருந்து நேராகப் பஸ்ஸுக்குப் போய்விடலாம்.

‘கார்ல வந்தா எங்க நிறுத்துறது?’

கடைக்காரர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். வாசலில் வண்டி நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர்களின் பயம். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 1962-ல் ஸ்ட்ரோகெட் கடைவீதியில் வாகனங்களை நிறுத்தியபோதும் வியாபாரிகள் இதையே சொன்னார்கள். இன்று அது அந்த நகரத்தின் பரபரப்பான வணிக வீதி.

ஆனால் வண்டியை விரட்டினால் மட்டும் போதாது. அது போய் நிற்க ஓர் இடமும், வண்டி இல்லாமல் வர ஒரு வழியும் வேண்டும். பாண்டி பஜார் அருகே பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டப்பட்டது அதற்காகத்தான். கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி மெட்ரோ வழித்தடத்தில் பனகல் பூங்காவில் சுரங்க நிலையம் அமைவதும் இதற்குக் கைகொடுக்கும்.

பராமரிப்பு இன்னொரு தலைவலி. டெல்லி சாந்தினி சௌக்கில் 2021-ல் செங்கோட்டை முதல் ஃபதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கி.மீ. சாலை புதுப்பிக்கப்பட்டு, காலை 9 முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அதன் பிறகும் விதிமீறலும் ஆக்கிரமிப்பும் அங்கே தொடர்ந்து செய்தியாகின. தினமும் கண்காணிக்க ஆள் இல்லையென்றால் நடைபாதை பைக் ஸ்டாண்டாகிவிடும்.

தள்ளுவண்டிக்காரர்கள் எங்கே போவார்கள்?

கடைவீதி அழகாகும்போது முதலில் இடம் இழப்பவர்கள் நடைபாதை வியாபாரிகள். பாண்டி பஜாரில் பல ஆண்டு வழக்குகளுக்குப் பிறகு, 2013-ல் அவர்கள் மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். மேலே கூரை கிடைக்கும், மழை வெயில் கவலை இல்லை. ஆனால் போகிற போக்கில் பார்த்து வாங்குபவர்கள் படியேறி வந்தால்தான் வியாபாரம்.

இதற்காகவே 2014-ல் சாலையோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் முக்கிய அம்சங்கள்:

• கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை, ஏற்கெனவே இருக்கும் வியாபாரிகளை அகற்றக் கூடாது.

• ஒவ்வொரு நகரிலும் விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

• எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்பதை இந்தக் குழுவின் பரிந்துரையோடு முடிவு செய்ய வேண்டும்.

நம்ம ஊருக்கு என்ன?

மங்களூர் ஒன்றியத்து மக்கள் பொருள் வாங்கப் போகும் திட்டக்குடி, விருத்தாசலம் போன்ற நகராட்சிகளுக்கும் இதே சட்டம்தான். அங்கெல்லாம் 40 கோடி ரூபாய் தேவைப்படாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெரு வரை தடையில்லாத நடைபாதை, நிழல், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, பூக்காரருக்கும் காய்க்காரருக்கும் குறித்துக் கொடுத்த இடம் - இவை இருந்தாலே கடைத்தெருவின் முகம் மாறிவிடும்.

நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில்கூட 2009-ல் முதலில் சாலையை அடைத்து, சாதாரண நாற்காலிகளைப் போட்டுத்தான் சோதித்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்த பிறகே நிரந்தரக் கட்டுமானம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தெரு, நான்கு தடுப்புகள் போதும். கடைக்காரர், தள்ளுவண்டிக்காரர், வாடிக்கையாளர் மூன்று பேரிடமும் கேட்டுவிட்டு நகராட்சி அடுத்த முடிவை எடுக்கலாம்.