ஆடுகளத்தில் எண்ணும் சொல்லும்

கல்லூரி ஆண்டு மலர் ஒவ்வொன்றிலும் தவறாது இடம்பெறுவது விளையாட்டுத் துறையின் அறிக்கை. யார் எத்தனை விநாடியில் ஓடினார், எந்த அணி எத்தனை புள்ளி வேறுபாட்டில் வென்றது, கோப்பைகள் எத்தனை என்று அதில் எண்கள் அணிவகுத்து நிற்கும். நான் புள்ளியியல் கற்பிப்பவன். எண்களால் சோறு உண்பவன் எண்களைக் குறைத்துப் பேசலாகாது. ஆயினும் எண்களுக்கு எட்டாத சில கேள்விகள் ஆடுகளத்தில் உண்டு என்பதையும், அவற்றுக்கு விடை தேட முறையானதொரு ஆய்வு நெறி உண்டு என்பதையும் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடியுமுன் எழுந்து மைதானத்துக்கு வருகிறான் ஒரு மாணவன். அவனோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கும் மற்றொருவன் அந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை. இது ஏன்? அடிபடும் என்று தெரிந்தும் ஒருவன் குத்துச்சண்டை பழகுவது ஏன்? பள்ளியில் துள்ளி ஓடிய சிறுமி கல்லூரிக்கு வந்ததும் பந்தைத் தொடத் தயங்குவது ஏன்? நிறுத்துக் கடிகாரம் இவற்றுக்கு விடை கூறாது. வருகைப் பதிவேடு வந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லும். வந்தவர் மனத்தையும் வராதவர் மனத்தையும் சொல்லாது.

பண்புசார் ஆய்வு என்றால் என்ன?

அளவுசார் ஆய்வு 'எத்தனை, எவ்வளவு' என்று கேட்கிறது. பண்புசார் ஆய்வு 'எப்படி, ஏன், அதை அவர்கள் என்னவாகக் கருதுகிறார்கள்' என்று கேட்கிறது. ஆய்வாளர் ஆடுவோரிடையே நீண்ட நாள் தங்குகிறார், பார்க்கிறார், இயன்றால் தாமும் ஆடுகிறார், மனம் திறந்து பேசவிட்டுக் கேட்கிறார், அன்றன்று கண்டதை அன்றன்றே குறிப்பேட்டில் எழுதுகிறார். விளையாட்டு, உடற்பயிற்சி, உடலைப் பேணும் வழக்கங்கள் ஆகியவற்றை இவ்வாறு ஆராய்வது இன்று தனியொரு துறையாகவே வளர்ந்துவிட்டது. 2009ஆம் ஆண்டு முதல் இதற்கெனத் தனி ஆய்விதழும் வெளிவருகிறது.

இந்தச் சிந்தனைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர். 1934இல் பாரிசில் அவர் ஆற்றிய உரையொன்று புகழ்பெற்றது. முதல் உலகப் போரில் தாம் கண்ட ஒரு செய்தியை அதில் அவர் கூறுகிறார். ஆங்கிலப் படைவீரர்களுக்குப் பிரெஞ்சு மண்வெட்டியால் பதுங்குகுழி வெட்டத் தெரியவில்லையாம். ஆகவே ஒரு நாட்டுப் படைப்பிரிவு விலகி மற்ற நாட்டுப் படைப்பிரிவு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் 8,000 மண்வெட்டிகளை மாற்ற வேண்டியிருந்ததாம்! மண் வெட்டுவதில் கூடவா நாட்டுக்கு நாடு வேறுபாடு என்று நமக்கு வியப்பு எழுகிறது. நடை, நீச்சல், ஓட்டம் எல்லாமே அப்படித்தான் என்கிறார் மோஸ். கை கால்கள் இயற்கை தந்தவை. அவற்றை அசைக்கும் விதமோ சமுதாயம் கற்றுத் தந்தது. அப்படியானால் உடலை ஆராய உடற்கூற்றியல் மட்டும் போதாது, சமூகவியலும் வேண்டும்.

சிகாகோவில் ஒரு பயிற்சிக் கூடம்

இத்தகைய ஆய்வுக்குச் சிறந்த சான்று என நான் கருதுவது லோயிக் வாக்கான் என்பவரின் ஆய்வு. பிரான்சு நாட்டவரான இவர் சமூகவியல் பயில அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே, நகரின் தென்பகுதியில், உட்லான் என்ற பேட்டை இருக்கிறது. அன்று அங்கு வாழ்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஆலைகள் மூடப்பட்டு, வேலை போய், வறுமையும் வன்முறையும் மலிந்திருந்த இடம் அது. அம்மக்களின் வாழ்வை உள்ளிருந்து அறிய ஓர் இடம் தேடிய வாக்கான், 1988 ஆகஸ்டில் அங்கிருந்த குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம் ஒன்றில் சேர்ந்தார். அதற்கு முன் அவர் கையுறை மாட்டியதே இல்லை.

 மூன்றாண்டுகளுக்கும் மேல் அங்கேயே பயின்றார். கயிறு தாண்டினார், மணல்மூட்டையைக் குத்தினார், மூக்கில் குத்து வாங்கினார். ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும் நடந்ததை எழுதினார். அந்தக் குறிப்புகள் 2,000 பக்கங்களைத் தாண்டின. கூடத்து நண்பர்கள் அவருக்குப் 'பிஸி லூயி' என்று செல்லப் பெயரிட்டனர். 1990இல் சிகாகோவின் 'கோல்டன் குளோவ்ஸ்' போட்டியிலும் அவர் மேடை ஏறினார். நடுவர்கள் வெற்றியை எதிராளிக்கே அளித்தனர். இந்த அனுபவம் 'உடலும் ஆன்மாவும்' என்று பொருள்படும் தலைப்பில் 2000இல் பிரெஞ்சிலும் 2004இல் ஆங்கிலத்திலும் நூலாயிற்று.

அவர் கண்டறிந்தவை யாவை? மூன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

முதலாவது, குத்துச்சண்டைக்கூடம் முரட்டுத்தனத்தின் பிறப்பிடம் என்று வெளியார் நினைக்கின்றனர். உள்ளே இருந்தவர்களுக்கோ அது தெருவின் முரட்டுத்தனத்திலிருந்து காக்கும் கோட்டை. உணவுக்குக் கட்டுப்பாடு, உறக்கத்துக்குக் கட்டுப்பாடு, நேரம் தவறாமை என்று துறவிக்குரிய ஒழுங்கு அங்கே நிலவியது.

இரண்டாவது, மிகவும் நலிந்தவர்களே அங்கு வருவார்கள் என்ற எண்ணமும் பொருந்தவில்லை. நாள்தோறும் தவறாமல் பயில ஓரளவு நிலையான வாழ்க்கை வேண்டும். ஆகவே ஏழைகளிலும் சற்றே ஊன்றி நின்ற குடும்பத்து இளைஞர்களே அங்கு நிலைத்தனர். அடிமட்டத்தில் இருந்தவர்களால் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

மூன்றாவது, பயிற்சிச் சண்டை பார்வைக்குப் பகை போலிருந்தாலும் உண்மையில் கூட்டுறவு. வலியவன் எளியவனோடு மோதும்போது தன் குத்தின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும். எழுதப்படாத இந்தச் சட்டத்தை மீறினால் கண்டிப்பு உண்டு. இதை யாரும் வாயால் சொல்லித் தருவதில்லை; உடலே உடலுக்குக் கற்பிக்கிறது. குத்துச்சண்டை பற்றிய புத்தகங்களைப் பயிற்சியாளர் டீடீ ஆர்மர் மதித்ததே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொல்வதைத்தான் அவர் தம் வழியில் கடைப்பிடித்தார்.

இம்மூன்றையும் ஒரு வினாத்தாள் கொடுத்துக் கண்டறிந்திருக்க முடியுமா? முடியாது என்றே நான் நினைக்கிறேன். வினாத்தாளில் நாம் கேட்டதற்கு மட்டுமே விடை கிடைக்கும். கேட்க வேண்டும் என்று நமக்கே தோன்றாத கேள்விக்கு அதில் இடமில்லை.

காசியில் ஒரு கோதா

அடுத்து நம் நாட்டுக்கு வருவோம். ஜோசப் ஆல்ட்டர் என்ற மானிடவியலார் காசி நகரின் மல்யுத்தக் கோதாக்களில் பயில்வான்களோடு பழகி, தாமும் பயிற்சி செய்து, 1992இல் ஒரு நூல் வெளியிட்டார். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று நம்மூர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த பயிற்சிகளே அங்கும் உண்டு. ஆனால் பயில்வானுக்கு உடற்பயிற்சி தசையோடு நின்றுவிடுவதில்லை என்று ஆல்ட்டர் காட்டுகிறார். பாலும் நெய்யும் பாதாமும் உண்பது, விடியுமுன் எழுவது, பிரமச்சரியம் காப்பது, குருவுக்குப் பணிவது, அனுமனை வணங்குவது எல்லாம் சேர்ந்ததே மல்யுத்தம். கோதாவின் மண்ணே அவர்களுக்குப் புனிதமானது. எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து அதைப் பக்குவப்படுத்துகின்றனர். தீட்டுப் பார்க்கும் சமூகத்தில், பல சாதியினரின் உடலும் வியர்வையும் அந்த மண்ணில் ஒன்றாய்க் கலக்கின்றன. இதை எண்ணிப் பார்ப்போர்க்கு ஒரு கோதா எவ்வளவு பெரிய பாடசாலை என்பது விளங்கும்.

சிகாகோ இளைஞனும் காசிப் பயில்வானும் ஒரே எடை இருக்கலாம். ஒரே அளவு வியர்வை சிந்தலாம். முன்னவனுக்கு உடல் ஒரு முதலீடு. வாழ்வில் முன்னேற அவன் கையிலிருக்கும் ஒரே கைமுதல். பின்னவனுக்கு உடல் ஒரு விரதம். தராசில் இந்த வேறுபாடு தெரியாது.

பந்து எறியும் பெண்

நம் மாணவியருக்கு நெருக்கமான மற்றொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். சிறுவனைப் போல் சிறுமி பந்து எறிவதில்லை. கையை முழுதும் வீசாமலும், உடலைத் திருப்பாமலும், அடி எடுத்து வைக்காமலும் எறிகிறாள் என்று எர்வின் ஸ்ட்ராஸ் என்ற அறிஞர் எழுதினார். அதற்குக் காரணம் பெண்ணின் இயல்பிலேயே இருப்பதாக அவர் கருதினார். ஐரிஸ் மேரியன் யங் என்ற அமெரிக்கப் பெண் தத்துவ அறிஞர் 1980இல் வெளியான கட்டுரையில் இதனை மறுத்தார். கைகால்களை முழுமையாக வீசி இயங்கப் பெண்ணுக்கு வாய்ப்பும் ஊக்கமும் தரப்படுவதில்லை. பிறர் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற உணர்வு அவளைச் சுற்றி ஒரு வேலி போடுகிறது. அந்த வேலிக்குள் நின்றுகொண்டு அவள் எறிகிறாள் என்பது யங்கின் விளக்கம். பந்து சென்ற தூரத்தை நாடாவால் அளந்துவிடலாம். அந்த வேலியை அளக்க அவளைத்தான் கேட்க வேண்டும்.

இது அறிவியலா, கதையா?

இந்த ஐயம் என் துறை நண்பர்கள் பலருக்கும் உண்டு. கேட்க வேண்டிய ஐயமே. ஒரே ஒரு கூடத்தைப் பார்த்துவிட்டு உலகுக்கெல்லாம் முடிவு கூறலாமா? கூடாது. எத்தனை பேர் என்ற கேள்விக்குக் கணக்கெடுப்புதான் விடை. ஆனால் எதைக் கணக்கெடுப்பது என்று தெரிந்துகொள்ள ஒரே கூடமும் உதவும்.

இந்த நெறிக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. விருந்தாளியைப் போல் ஒரு நாள் எட்டிப் பார்த்தால் போதாது. நம்மை மறந்து அவர்கள் இயல்பாக இருக்கும் வரை தங்க வேண்டும். நினைவை நம்பாமல் அன்றே எழுத வேண்டும். பயிற்சியாளரை மட்டும் கேட்டுவிட்டு வராமல், நேற்றுச் சேர்ந்தவனையும் பாதியில் நின்றவனையும் கேட்க வேண்டும். நம் கருத்துக்கு ஒத்துவராத சான்றைத் தேடிப் போக வேண்டும். ஆய்வாளர் தாம் யார், எங்கிருந்து வந்தவர், எதை எதிர்பார்த்து வந்தார் என்பதையும் வாசகர்க்கு ஒளிக்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அனுமதி பெற்றே எழுத வேண்டும். சொன்னவருக்குத் தீங்கு வருமானால் பெயரை மறைக்க வேண்டும். எண்ணை வாங்குவது எளிது. ஒருவர் தம் வாழ்க்கையை நம்பிச் சொல்வது அடைக்கலப் பொருள்.

வாக்கான் நூலின் முடிவு இங்கே நினைக்கத்தக்கது. போட்டியில் தோற்ற பிறகு, அடுத்த முறை பார்க்கலாம் என்ற பேச்சு எழுகிறது. அடுத்த முறை என்பதே இல்லை, நூல் எழுதப் போதுமானது உனக்குக் கிடைத்துவிட்டது, இனி நீ மேடை ஏறத் தேவையில்லை என்ற பொருள்படப் பயிற்சியாளர் முடித்துவிடுகிறார். ஆய்வாளருக்கு வெளியே செல்ல ஒரு கதவு இருந்தது. உடன் பயின்ற பலருக்கு அந்தக் கதவு இல்லை. உள்ளே சென்று ஆராய்பவர் எவரும் இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

நாம் செய்யக்கூடியது

இதற்கு ஆய்வகமோ பெரும் பொருளோ வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் ஒரு மாதப் பொறுமையும் உள்ள எந்த மாணவரும் தொடங்கலாம். கபடி ஆடும் நண்பன் தோற்ற இரவில் என்ன நினைக்கிறான்? முழங்காலில் அடிபட்டு ஆட்டத்தை விட்டவன் மாலை வேளையை எங்கே கழிக்கிறான்? கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் மாணவியால் பயிற்சிக்கு எப்படி நிற்க முடியும்? கேட்டுப் பாருங்கள். பதிலைத் திருத்தாமல் அவர்கள் சொற்களிலேயே எழுதுங்கள்.

அக்குறிப்புகள் பத்துப் பேருடையவையாக இருந்தாலும் போதும். பயிற்சி நேரத்தை மாற்றுவதா, காலணி வாங்கித் தருவதா, மாணவியருக்குத் தனி இடம் ஒதுக்குவதா என்று முடிவெடுப்போர்க்கு அவை வழிகாட்டும். அதன்பின் எண்ணிப் பார்க்கும் பணியை என் போன்றோரிடம் விடுங்கள். மகிழ்ச்சியோடு செய்து தருகிறோம்.