கிலோக் கணக்கில் அடங்காத செபம்

டயகம தேயிலைத் தோட்டத்தில் பொழுது சாயும்போது ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமிருந்து பனி இறங்கி லயங்களை மூடிவிடுகிறது. அந்த நேரத்தில்தான் ஒரு காம்பராவில் செபமாலை தொடங்கியது. வீட்டுக்கார அக்கா பகல் முழுக்க மலையில் கொழுந்து பறித்து நின்றவர். படங்கை அவிழ்த்து, கால் கழுவி, அடுப்பில் பானையை ஏற்றிவிட்டு முழந்தாளிட்டார். கால் மணி நேரத்துக்குள் ஐம்பத்து மூன்று மங்கள வார்த்தைச் செபங்களும் முடிந்துவிட்டன.

"சொல்லும்போது மனசில என்ன ஓடும் அக்கா?" என்று கேட்டேன்.

"இன்னும் எத்தன மணி பாக்கின்னுதான் தங்கச்சி" என்றார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. மலையில் அவருக்கு எல்லாமே கணக்கு. மடுவத்தில் கொழுந்தை நிறுத்தால் கிலோ. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அந்தக் கணக்கு அவரோடு இஸ்தோப்பு ஏறி வந்து செபமாலையிலும் உட்கார்ந்துவிட்டது. நம் செபமும் நாட்சம்பளம் போல ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம்.

இதற்கு மருந்து தியானம். ஆனால் தியானம் என்றதும் நம்மவர்கள் ஆசிரமத்தை நினைக்கிறார்கள். குளித்தலை அருகே காவிரிக் கரையில் 1950இல் பிரெஞ்சுத் துறவியர் மொன்சானினும் லெ சோவும் தொடங்கிய சாந்திவனமும், பின்னாளில் அங்கே வாழ்ந்த பீட் கிரிஃபித்ஸும் உலகறிந்த பெயர்கள். ஆனால் ஒரு நாள் வேலை போனால் அடுப்பு அணைகிற வீட்டிலிருந்து யார் அங்கே போய் வர முடியும்?

போகவும் வேண்டாம். துறவிகள் ஓதிய திருப்பாடல்கள் 150. அவற்றை வாசிக்கத் தெரியாத எளிய மக்கள் 150 மங்கள வார்த்தைச் செபங்களைச் சொன்னார்கள். செபமாலை அப்படி வளர்ந்தது என்கிறது மரபு. பள்ளிக்கூடம் எட்டாத தலைமுறைகள் வாழ்ந்த லயங்களுக்கு இதைவிடப் பொருத்தமான செபம் ஏது? வாய் சொல்லும்போது மனம் மறையுண்மைகளை, அதாவது இயேசுவின் வாழ்வு நிகழ்ச்சிகளை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2002இல் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ஒவ்வொரு மறையுண்மையையும் அறிவித்தபின் இறைவார்த்தையைக் கேட்டுச் சற்று மௌனமாக இருக்கச் சொன்னார். நம் வீடுகளில் முதலில் காணாமல் போனது அந்த மௌனம்தான்.

புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் ஓர் எளிய வழி தருகிறார்: ஒரு மூச்சுக்கு ஒரு சொல். அடுத்த மூச்சு வரும்வரை அந்தச் சொல்லிலேயே நிற்பது. மூச்சு புகையாய்த் தெரிகிற டயகமக் குளிரில் இதைக் கற்க ஆசான் தேவையில்லை. நிகழ்ச்சி நடந்த இடத்தை மனக்கண்ணில் காணவும் அவர் சொல்கிறார். மகிழ்ச்சியின் இரண்டாம் மறையுண்மையில் கருவுற்ற மரியா எலிசபெத்தைப் பார்க்கப் போனது எங்கே? மலைநாட்டுக்கு. மேட்டு லயத்துக்கு ஏறும் படிகளில், மூச்சு வாங்க, ஒரு பிள்ளைத்தாய்ச்சி உறவுக்காரியைத் தேடி வருகிறாள். இந்தக் காட்சியைப் பார்க்க நம் பெண்களுக்குப் பாலஸ்தீனம் தெரிந்திருக்க வேண்டுமா?

களைத்து வந்தவளிடம் தியானத்தையும் கேட்பதா, வேகமாகச் சொன்னாலும் செபம் செபந்தானே என்பவர்கள் உண்டு. நியாயந்தான். ஆனால் களைத்தவளுக்குத்தான் கணக்கில்லாத ஒரு நேரம் வேண்டும். கவனமும் அவளுக்குப் புதிதல்ல. முற்றிய இலையை விட்டு இளங்கொழுந்தை மட்டும் தேடிக் கிள்ளும் விரல்கள் அவளுடையவை.

வரும் அக்டோபரில் மாதாவின் சுரூபம் வீடு வீடாக வரும்போது ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு மறையுண்மை, பத்தே மணிகள், நடுவில் மௌனம். மிச்சத்தை அடுத்த காம்பராக்காரர்கள் சொல்வார்கள். ஐந்து வீடு சேர்ந்தால் ஒரு முழுச் செபமாலை. எத்தனை மணி பாக்கி என்று அந்த அக்கா எண்ண வேண்டியிருக்காது.